மஸ்கட் வெயிலுக்குக் கட்டிய ஷாக்

புளியந்தோப்பு
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுதிப் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நம் ஹவுசிங் போர்டு வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தம்பி பகலவன் காதில் விழும், எனக்கு மெசேஜ் அடித்துக் கொடுப்பவனும் அவன்தான், எழுத வேண்டியதோ அவனைப் பற்றி. இங்கே ஸ்கூல் ஆயாவின் போனை வாங்கிப் பேசலாம், ஆனால் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வரும், சொல்ல வந்தது வராது. அதனால் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு சத்துணவுக் கூடத்தில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நம் கீழ்வீட்டு ரெஜினா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதமும் ஒரு பொட்டலமும் வரும். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இதைப் படித்து முடித்துவிடு.

பகலவனுக்கு எண்ணூர் கம்பெனி வேலை போனது உனக்குத் தெரியும். ஐந்து வருஷம் காண்டிராக்டில் வைத்திருந்து பொங்கலுக்கு மறுவாரம் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவன் சிநேகிதன் தௌசீஃப் தனக்குத் தெரிந்த பைக் ஷோரூமில் சொல்லிவைத்தான், இவன் போய் நின்றால் போதும், போகவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரிமோட் கார் ரேஸ் விடுவீர்களே, விம்கோ நகரில் அந்தப் பழைய கம்பெனி மைதானம், அதைத் தகரம் போட்டு அடைத்துவிட்டார்கள், மற்ற பையன்கள் எல்லாம் குய்யோ முறையோ என்று கத்தினார்கள், இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான், நாலு வாய் தின்கிறான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். இன்னாடா ஆச்சு, எந்தப் பொண்ணாவது எதாவது சொல்லிச்சா, எவன்னா மெரட்டறானா, வாயத் தொறந்தாத்தானே தெரியும் என்று கேட்டேன். ஒண்ணும் இல்லமா, ஒண்ணுமே இல்ல, அதான் என்றான். அந்த அதானுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அங்காளம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினேன், பெரியாஸ்பத்திரியில் மனசு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், தலையால் தண்ணி குடித்துப் பார்த்துவிட்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நான் எதிரில் நின்றால் போடுகிறான், நிற்காவிட்டால் தலையணைக்கடியில் கிடக்கிறது.

இனி அந்தப் பொட்டலத்துக்கு வருகிறேன். உங்கள் ரிமோட் கார் சக்கரத்துக்கு மேல் குலுக்கல் தாங்க வைக்கிறானே ஷாக் அப்சார்பர், அந்த ஷாக்கை அவன் கட்டுவதை நீயும் பார்த்திருக்கிறாய், ஆனால் நீ காரை ஓட்டுகிறவள், அவசரக்காரி, முடிஞ்சிச்சா முடிஞ்சிச்சா என்று அவன் உயிரை எடுப்பாய். எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே முழுசாகப் பார்த்தவள் நான்தான். என் டம்ளரில் ரேஷன் அரிசியை நிரப்பி, விரல் அளவு இருக்கும் அந்தக் குழாயை அதில் ஆடாமல் நட்டுவைப்பான். ஆயிலை விளிம்புவரை ஊற்றி, சட்டைப் பொத்தான் மாதிரி ஓட்டை போட்ட அந்தப் பிஸ்டனை மேலும் கீழும் மெதுவாக இழுப்பான். முத்து முத்தாகக் குமிழி வரும். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். மூடி போட்டுத் தொலையேண்டா, எனக்கு டம்ளர் வேணும் என்றால், காத்து தானா வெளிய வரணும்மா, அவசரப்பட்டு மூடுனா உள்ளயே நின்னுகினு வண்டிய எகிற வெக்கும் என்பான். பிறகு மூடி போட்டு, இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இரண்டு கையாலும் அமுக்கி, இரண்டும் ஒன்றாக எழுந்தால்தான் விடுவான், இல்லையென்றால் மறுபடி திறப்பான். நாலு ரேஸ் ஓடினால் ஆயில் கறுத்துவிடும், ரப்பர் ரிங் உப்பிவிடும், திறந்து துடைத்துப் புதுசாக ஊற்ற வேண்டும், அதில் மட்டும் அவனுக்குச் சோம்பலே கிடையாது. கட்டி வெச்சிட்டு மறந்துடலாம்னு நெனைக்கிறவன் ரேசுக்கே வரக்கூடாது என்று யாரிடமும் சொல்வான். ஒருமுறை தௌசீஃப் கசிவு நிற்கட்டும் என்று மூடியைக் கோந்து போட்டு ஒட்டிவிட்டான், நினைவிருக்கிறதா, அதற்கு இவன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தொறக்க முடியாத ஷாக்க வெச்சிகினு இன்னா பண்ணுவ, தூக்கிக் கடாசு என்று ஜன்னல் வழியாக வீசினான்.

போன மாதம் திடீரென்று கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை எல்லாம் இழுத்துப் போட்டு ஒழிக்க ஆரம்பித்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை எழுந்து வேலை செய்கிறானே என்று. ஆயில் பாட்டில்களை மொத்தமாகத் தௌசீஃபுக்குக் கொடுத்தான். ஸ்பிரிங் டப்பாவைத் திருவொற்றியூரில் இருந்து வரும் ஒரு பையனுக்குக் கொடுத்தான். ஸ்குரூ டிரைவர் செட்டை, என்னையே தொடவிட மாட்டானே அதை, வந்தவனிடம் வெச்சிக்கோ நைனா என்று நீட்டினான். நானே பை தேடி எடுத்துக் கொடுத்தேன், மாயா. வீட்டில் இடம் கிடைத்தது, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ரெஜினாவிடம் பீற்றிக்கொண்டேன். கடைசியாக அங்கே உன்னிடம் இருக்கும் காருக்கான ஷாக் நாலையும் எடுத்துவைத்துக்கொண்டு, மஸ்கட்ல இப்ப எவ்ளோ சூடுமா, அக்கா இன்னா சொல்லிச்சு என்று கேட்டான். வாரக்கணக்கில் அவனாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். வெயிலுக்கு ஆயில் இளகிவிடும், அந்த ஊருக்குக் கெட்டி ஆயில் வேண்டும் என்று ஒரு பாட்டிலை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தான். இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினான். நான் நெத்திலி வாங்கி வறுத்தேன், உட்கார்ந்து சாப்பிட்டான், அன்று முகத்தைக்கூட மழித்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, அக்காகிட்ட இனிமே இதத் தொறக்கவே வேணாம்னு சொல்லுமா, எல்லாம் முடிச்சிட்டேன் என்றான்.

அந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் கடைக்குப் போனபோது பிரித்துப் பார்த்தேன். நாலு மூடியையும் கோந்து வைத்து ஒட்டியிருக்கிறான். ஷாக்கைத் திறக்காமல் இருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன பிள்ளை, இனி திறந்து பார்க்கத் தான் இருக்க மாட்டோம் என்று கணக்குப் போட்டால்தானே அப்படி ஒட்டுவான். பொருளை எல்லாம் ஏன் கொடுத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே டாக்டரிடம் ஓடினேன். நீங்க நெனைக்கிறது சரிதாம்மா, தனியா மட்டும் விடாதீங்க என்றார், மாத்திரையை மாற்றினார், இரண்டு நாளுக்கு ஒருமுறை கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அவனிடமே நேராகக் கேட்கலாம், கேட்பதால் கெடுதல் வராது என்றும் சொன்னார். கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை, பேஜாரா கீதுமா, விட்டுடு என்றான். உன் அப்பா டிரெய்லர் ஓட்டப் போகாமல் வீட்டில் இருக்கிறார். ஹார்பரில் எவ்வளவு பேசுகிற மனுஷன், பிள்ளைக்கு எதிரில் என்ன பேசுவது என்று தெரியாமல் திணறுகிறார். பொம்மக் காரு பொம்மக் காரு என்று கிண்டல் செய்தவர், நேற்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் ஒண்ணு கட்டக் கத்துக்குடுடா என்று கேட்டார். யூடியூப்ல பாத்துக்கோ நைனா என்று இவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். தௌசீஃப் ஆயில் பாட்டிலை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து, ஷாக் கசியுது மாமு, நீ பாத்தாத்தான் ஆவும் என்று நின்றான். வேற யார்கிட்டயாவது குடு என்று இவன் சொல்லிவிட்டான். அந்தப் பையன் மாடிப்படியில் நின்று அழுதான், எனக்கு அவனைத் தேற்றத் தெம்பில்லை.

இப்போது உன்னால் ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. பொட்டலம் கிடைத்தது, அழகாக இருக்கிறது, தேங்க்ஸ்டா தம்பி என்று அவனிடம் சொல்லிவிடாதே. அழுதுகொண்டும் பேசாதே. கசிகிறது என்று சொல். பின்னால் வலது பக்கத்து ஷாக் கசிகிறது, ஒன்று முன்னே எழுகிறது ஒன்று பின்னே எழுகிறது, எவன்டா மூடியை ஒட்டச் சொன்னது என்று, ரேஸில் நின்று ஓட்டுகிற மேடையை விட்டு இறங்கி வந்து காய்ச்சுவாயே, அப்படிக் காய்ச்சு. தௌசீஃப் சொன்னபோது வேறு ஆளிடம் தள்ளிவிட்டான், ஆனால் நீ குறை சொல்லி அவன் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை, பேசாமல் வாங்கித் திறந்துவிடுவான். திருப்பி அனுப்புகிறேன், நீயே திற என்று சொல், அங்கே யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து அனுப்பு. இது வந்து சேர்ந்தால் அதற்கடுத்து வேறு ஏதாவது சொல், ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது என்று சொல், என்னவாவது சொல். லீவும் கேட்டுப் பார், கிடைத்தால் வந்துவிடு, கிடைக்கும்வரை இதைச் செய். இது ஒரு யோசனை என்று நான் எழுதுகிறேனே, பலிக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என்னிடம் வேறு எதுவும் இல்லை. அவன் கைவேலையைக் குறை சொல்லும்படி உன்னிடம் சொல்ல என் மனசே ஒப்பவில்லை, நாலையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி நானே அமுக்கிப் பார்த்தேன், ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறான். ஆனாலும் கசிகிறது என்று சொல்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி, அங்கே தனியாக இருந்து அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ரெஜினாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். உனக்கும் தம்பிக்கும் நீண்ட ஆயுசைக் கேட்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு பிரார்த்தனை இல்லை. ரெஜினா வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே வந்து சேர்ந்துவிடுவாள். சனிக்கிழமை காலையிலேயே அவனைக் கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதே.

உன் அம்மா,
வரலட்சுமி ஜெயவேல்