நாலு ராடு குறைகிறது

செப்டம்பர் 9
பாய்லரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு வருடம் இந்தக் கட்டடத்துக்கே சூடு கொடுத்தது. அதற்குத் தீனி போட்டவன் நான். இனி பூமியே சூடு கொடுக்குமாம். ஆறு துளை, ஒவ்வொன்றும் நூற்றிருபது மீட்டர். அதில் இறக்கிய குழாயில் தண்ணீர் சுற்றிவந்து மண்ணின் வெதுவெதுப்பை மேலே கொண்டுவரும். பம்ப் அதைக் கூட்டி ஒவ்வொரு வீட்டுத் தரைக்கடியிலும் அனுப்பும். கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளும். இப்படிச் சொல்பவர் துளைபோடும் ஒப்பந்தக்காரர், என் மகளின் கணவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் குடியிருப்போர் சங்கத் தலைவி.

செப்டம்பர் 12
மூன்றாவது துளை. துளைக்கும் இரும்புத் தண்டு, அதாவது ராடு, ஒன்று மூன்று மீட்டர் என்றால் நாற்பது இறங்க வேண்டும். நான் எண்ணியது முப்பத்தாறு. மாப்பிள்ளையிடம் கேட்டேன்.
"நீங்க டீ குடிக்கப் போனப்போ நாலு இறங்குச்சு மாமா."
ஒரு டீக்கு நாலு ராடா?

செப்டம்பர் 13
துளையை மூடிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். மண்ணுக்குள் மறைக்க என்ன கஷ்டம்?

நவம்பர் 4
குளிர் தொடங்கிவிட்டது. தரையைத் தொட்டேன் – சூடே இல்லை. பழைய பாய்லர் என்றால் கை பொசுங்கும்.
"கை சுடாது மாமா. மெதுவா, விடாம ஓடும்" என்கிறார் மாப்பிள்ளை. நல்ல வியாபாரப் பேச்சு.
பத்து மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போனதும், பாய்லர் கால வழக்கம்போல் பம்பை நிறுத்தினேன். நாலு மணிக்குப் போட்டேன்.

நவம்பர் 20
மூன்றாம் மாடிக் குழந்தை சாயங்காலம் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறது. பம்புக்குத் துணையாக வைத்த கரண்ட் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. பம்ப் போதவில்லை என்றுதானே அர்த்தம்? முப்பத்தாறு. நான் எண்ணினேன். முப்பத்தாறுதான்.

நவம்பர் 27
மூன்றாவது துளை ஆழம் குறைவு என்று தலைவிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன், கையெழுத்தோடு. பக்கத்து இரண்டு கட்டடங்களின் வேலையும் மாப்பிள்ளைக்குத்தான் என்று பேச்சு. அது போய்விடும். போகட்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

நவம்பர் 28
மகள் போன் செய்தாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா?"
கேட்டேனே! டீ என்றாரே!
வைத்துவிட்டாள்.

டிசம்பர் 4
தலைவி வரவழைத்த வெளியாள் வந்து, குழாய்க்குள் எடை கட்டிய கேபிளை இறக்கி அளந்தார். ஆறு துளையிலும் நூற்றிருபது. மூன்றாவதை இரண்டு முறை அளக்கச் சொன்னேன். நூற்றிருபது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது – அன்று டீயோடு மாடிவீட்டு அம்மாவின் புலம்பலையும் குடித்தேன். அரைமணிக்குக் குறையாது.
சரி, அப்படியானால் குளிர் எங்கிருந்து வருகிறது? பம்ப் மட்டரகம். அதுதான்.

டிசம்பர் 5
பம்பின் பதிவைத் திறந்தார் மாப்பிள்ளை. அது எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. திரையில் வரிசையாக: காலை 10 நிறுத்தம், மாலை 4 தொடக்கம். தினமும். ஒரு நாள்கூடத் தவறவில்லை.
என்னைப் பார்த்தார். "தரை ஒரு தடவை ஆறிட்டா திரும்பச் சூடேற அரைநாள் ஆகும் மாமா." மெல்லத்தான் சொன்னார்.
தலைவி உள்ளே வந்தார். என்ன கோளாறு என்றார்.
"டைமர் தப்பா இருந்துச்சுங்க. என் பொறுப்புதான். சரி பண்ணிட்டேன்."
'ஒப்பந்தக்காரர் தவறு' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. டைமரே கிடையாது. ச்சே, என்ன மனுஷன் நான்?

டிசம்பர் 6
பத்து மணி. கை தானாகப் பம்பின் சுவிட்சுக்குப் போனது. பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 8
நாளை அந்த இரண்டு கட்டடங்களுக்கான கூட்டம். தலைவியிடம் இன்னொரு கடிதம் கொடுத்தேன், ஒரே வரி: "அந்த டைமர் நான்தான்."

டிசம்பர் 10
மூன்றாம் மாடிக் குழந்தை வெறுங்காலோடு ஓடுகிறது. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. மகள் இன்னும் பேசவில்லை.
மாப்பிள்ளை வந்தார். இரண்டு கட்டடமும் கிடைத்துவிட்டதாம். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:
"ராடு எண்ண நீங்கதான் வரணும்னு கேட்டிருக்கேன் மாமா. டீயை அங்கயே கொண்டாந்து தர்றேன்."