லின்சியின் முன்பல்

மாதா துணை
ஒரத்தநாடு

அன்பு மகள் அருள்செல்விக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் நிம்மதி இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குவைத்தில் சுகமாக இருக்க மாதாவிடம் மன்றாடுகிறோம். உன் மகளைப் பற்றிப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நம் தெரு ஜெக்கரியா அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

லின்சிக்கு ஏழு வயதில் விழுந்த மேல் முன்பல் ஒன்பது முடிந்தும் முளைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர்கள் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். நடவு நேரம், பல்தானே, தானாக வரும் என்று சட்டைப்பையில் வைத்தேன், சட்டையோடு துவைபட்டுப் போயிற்று. நெல்லால் ஈறைக் கீறினால் பல் முளைக்கும் என்று நம் பக்கம் செய்வதுதானே, உனக்கும் செய்தோம். போன மாதம் விதைநெல்லில் கூரானதாக ஒன்றைப் பொறுக்கி நானே கீறினேன். வேண்டாங்க என்று அம்மா தடுத்தாள், கேட்கவில்லை. இரத்தம் வந்தது, பிள்ளை அழவில்லை, இனிமே வந்துடுமா தாத்தா என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் உதடு வீங்கிக் காய்ச்சல். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா சீழையும் உள்ளே இருந்த உமித்துணுக்கையும் எடுத்துவிட்டுப் படம் பிடித்துக் காட்டினார். வேண்டாத பல் ஒன்று வழியை மறித்துக் கிடக்கிறது, அதற்கு மேலே வர வேண்டிய பல் படுத்தவாக்கில், வேர் வளைந்து. போன வருஷமே வந்திருந்தா மறிக்கிற பல்ல எடுத்ததும் இது தானா இறங்கியிருக்கலாங்க என்றார். இனி மறிக்கும் பல்லை எடுத்து, ஈறைத் திறந்து, உள்ளே இருக்கும் பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பி கட்டி ஒரு வருடத்துக்கு மேல் மெதுவாக இழுக்க வேண்டுமாம். வேர் வளைந்ததால் வராமலும் போகலாமாம், அப்படியானால் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல்தான். பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்கிறார். என் கை பட்டது போதும், டாக்டரம்மாவிடம் நீயே பேசி முடிவு செய். வீடியோவில் அவள் முகம் தெரியாததற்கு டவர் இல்லை என்று சொன்னதெல்லாம் பொய். வாயைப் பொத்திக்கொண்டு வரமாட்டேன் என்கிறாள்.

திட்டுவதானால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

இன்னொன்று, கோயிலில் முதல் தடவை நன்மை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படத்தில் அவள் உதட்டை இறுக்கி நிற்பதைப் பார்த்து எவ்வளவு பக்தி என்று அறையில் மாட்டியிருக்கிறாயே, அது பக்தி இல்லையம்மா. அதைக் கழற்றிவிடச் சொல்லி உனக்கு எழுதச் சொன்னாள்.

உன் அப்பா,
குழந்தைராஜ்