கதவிடுக்கில் பிஸ்கட் அட்டை

ஆகஸ்ட் 4, திங்கள்
புழுக்கம். எண்ணூர்ப் பக்கம் கருமேகம். பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம். இன்று பன்னிரண்டு பெட்டிக்கு மூடி முடுக்கல். எல்லாம் ராணுவத்துக்குப் போகும் ஜாமர். ஆன் செய்தால் சுற்றியிருக்கும் ஜிபிஎஸ் எல்லாம் குருடு. வழிகாட்டுவது வானம், வழிமறிப்பது எங்கள் திருவொற்றியூர் கம்பெனி.

சூப்பர்வைசர் பா. சார் மறுபடி பீற்றல். சோதனை அறைக் கதவைச் சாத்தினால் அலை வெளியே போகாதாம், உள்ளே போன்கூட அடிக்காதாம். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
அடித்தது! கதவு விளிம்பில் ஓடும் செம்புப் பட்டையில் பிஸ்கட் அட்டையை நாலாக மடித்துச் செருகினேன், அலை நுழைய இடுக்கு விழுந்தது. சார் உள்ளே போனதும் போன் போட்டு, கடன் கொடுக்கும் கம்பெனிக்காரி குரலில் பேசினேன். யாரென்று தெரியாமல், வாசல் வரை வந்து போனிலேயே பத்து நிமிஷம் திட்டினார்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. சரக்கு இறக்க ஓடினேன். அட்டை அங்கேயே. சோதனை செய்யும் ஸ்டெல்லா அக்கா கதவைச் சாத்தி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பெட்டியை ஆன் செய்திருக்கிறார்.

மாலை. நைனா கடலிலிருந்து வந்து சோற்றைத் தொடவில்லை. பதினொன்றரைக்கு நல்ல மழையாம், கரை தெரியவில்லையாம்.
"ஜிபிஎஸ் மிஷின்ல ஒண்ணுமே காட்டல. கடலுக்குள்ள நீட்டிகினு இருக்கற தூண்டில் வளைவு கல்லு மேல படகு ஏறியிருக்கும். அலை உடையற சத்தம் கேட்டுத் திருப்புனேன்."
பதினொன்றரை. சோதனை நேரம். அட்டையை நான் எடுக்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்
நேற்று ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்று துறைமுகத்திலிருந்து புகார். அட்டை அகப்பட்டது. பதிவேட்டில் அக்கா கையெழுத்து. அக்காவின் ஆறு வருஷ ஒப்பந்த வேலை, வெள்ளிக்கிழமையோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். சாத்துமுன் பட்டை முழுக்க விரலை ஓட்டிப் பார்ப்பது விதி. ஓட்டினாயா என்று சார் கேட்டதற்கு, இல்லை என்று அக்கா உண்மையைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என்ன செய்யலாம்:
1. சும்மா இருப்பது.
2. பேர் போடாமல் சீட்டு. (என் கையெழுத்துக் கோழிக் கிறுக்கல், எல்லாருக்கும் தெரியும்.)
3. நேரே.

முதலில் நைனாவிடம் சொன்னேன். அடி விழும் என்று தள்ளி நின்றுதான். வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே சொன்னார்.
"என்னாண்ட சொல்லிட்ட, செரி. வேல போவப்போறது எனக்கில்லயே."
மூன்றுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்
தூறல். எட்டு மணிக்கே மேனேஜர் மேடம் அறை. உட்காரச் சொன்னார். நின்றே சொன்னேன். நம்பாமல், செய்து காட்டச் சொன்னார். அட்டையை மடித்துச் செருகிக் காட்டினேன்.

தீர்ப்பு: அக்காவுக்கு வேலை உண்டு, விரல் ஓட்டாததற்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்குப் பயிற்சி ரத்து.

வாசலில் அக்கா என் காதைத் திருகினார். வலித்தது.
"ஒரு நாள் முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி? ராத்திரி பூரா நான் தூங்கல."


மாலை. நைனாவிடம் கேட்டேன். அந்த மழையில் இன்னும் நாலு படகு இருந்ததாம். மிஷின் ரிப்பேர் என்று நினைத்து ஒருத்தர் புதுசுக்குச் சொல்லியிருக்கிறாராம். நாலு வீட்டுக்கும் போய், மிஷின் கெடவில்லை, நான்தான் காரணம் என்று சொல்லவேண்டும். கூட வருகிறேன் என்றார் நைனா. வேண்டாம் என்றேன். இருட்டுவதற்குள் நாலும் முடிக்கவேண்டும். கிளம்புகிறேன்.