டிக்கெட் நான் எடுக்கமாட்டேன்

முருகன் துணை

ஹட் பே, லிட்டில் அந்தமான்,
வெள்ளிக்கிழமை

என் தங்கம் கார்த்திகாவுக்கு,

இங்க எல்லாரும் நல்லாயிருக்கோம்னுதான் மொதல்ல எழுதணும். நீ இருக்க விட்டாத்தானே! போன் பண்ணா எடுக்கிறதில்ல. நர்சிங் படிப்பு வேணாம், வீட்டுக்கு வர்றேன், கப்பல் டிக்கெட் எடுத்து வைங்கன்னு மெசேஜ் மட்டும் வருது. உங்கப்பன் முத்துராஜ் போனை எங்கிட்ட நீட்டி, அக்கா நீயே கவுண்டர்ல போய் வாங்கிருன்னான். முடியாதுன்னுட்டேன். சோத்துத் தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். நீ அங்க சாப்பிடுறியான்னு தெரியல, இவன் இங்க சாப்பிடல. நான் யார்கூடதான் மல்லுக்கட்டுறது? அதான் இந்த லெட்டர். மெட்ராஸ் போற கணபதி அண்ணன் கையில குடுத்து விடுறேன்.

விஷயம் எல்லாம் உன் ஹாஸ்டலுக்கே போன் போட்டுக் கேட்டாச்சு. வகுப்புல வாத்தியாரம்மாவுக்கு ஆமாங்கன்னு சொல்லாம "ஹாஞ்ஜி"ன்னு பதில் சொல்லியிருக்க, வார்டு சிஸ்டரை அக்கான்னு கூப்பிடாம "தீதி"ன்னு கூப்பிட்டிருக்க. அதுக்கு ஹிந்திக்காரின்னு பேரு வச்சுட்டாளுகளாம். பக்கத்து வீடு பெங்காலி, எதிர் வீடு தெலுங்கு, ஹட் பேயில பொறந்த புள்ள வேற எப்படிடி பேசும்? சிலோன் தோட்டத்துல நம்ம ஆளுகளை இந்தியாக்காரன்னாங்க. இங்க பாமாயில் தோட்டத்துக்கு வந்ததும் சிலோன்காரன்னாங்க. இப்ப நீ ஹிந்திக்காரி. சொல்றவளுக்கு வாய் வலிக்கட்டும்.

ஆனா கோவம் உம்மேலயும்தான். அதுக்காக வாயை மூடிக்கிட்டு, ரூமைப் பூட்டிக்கிட்டு, ஒத்தையில புத்தகத்தை முறைச்சுக்கிட்டு இருந்தா மார்க் எப்படி வரும்? சந்தேகம்னா செவுத்தையா கேப்ப?

இந்த வயசுல நான் படுற கூத்தைக் கேளு. ஹிந்தி பேசுவேன், ஒரு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மிதாலி தீதி செவ்வாக்கெழமை அனுமார் கோயிலுக்கு வா, பஜனைன்னா. சாமி காரியமாச்சேன்னு தலைக்குக் குளிச்சு, பூவெல்லாம் வாங்கிட்டுப் போனேன். போனா கையில ஸ்லேட்டைக் குடுக்குறா! ஹிந்தியில எழுதிப் போட்ட பாட்டை நாமளே பாத்துப் படிச்சுத்தான் பாடணுமாம். நான் ஒரு வரியைக் கொதறி வச்சேன். எதிர் வீட்டுத் தெலுங்கு சந்திரமதி விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சவதான் அடுத்த வரி படிக்கணும்னு அங்க ஒரு சட்டம். அவ எனக்கு மேல கொதறுனா. உடனே எல்லாரும் சிரிச்சுத் தொலைச்சாளுக, ஒருத்தி பாக்கியில்லாம படிக்க வேண்டியதாப் போச்சு.

மறுவாரம் தலைவலின்னு படுத்துட்டேன். விட்டாளுகளா? கூட்டமா வந்து என் அடுப்படியில உக்காந்து, என் பாலைக் காய்ச்சி டீ குடிச்சு, என்னை எழுப்பி உக்கார வச்சுப் படிச்சு முடிச்சுட்டுத்தான் போனாளுக. சாமி சத்தியமா அவளுக இம்சை தாங்கல. ஆனா போன வாரம் பஸ்ல ஹிந்தி போர்டை நானே படிச்சு ஏறுனேன். யாரையும் கேக்கல. உங்கப்பன்கிட்ட சொன்னா, "அச்சா, சரி"ன்னுட்டு டிவிக்குத் திரும்பிட்டான். அவளுககிட்ட சொன்னேன், கேசரி கிண்டிட்டாளுக.

உனக்கும் அப்படி நாலு இம்சை வேணும்டி. நீயாத் தேடுவேன்னு பாத்தேன், தேடல. அதான் நம்ம பொன்னம்மா மக ஷீலா அங்க பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காளே, அவளுக்கு நானே போன் போட்டேன். ஞாயித்துக்கெழம அவ ரூம்ல நம்ம தீவுப் புள்ளைக எல்லாம் கூடி, மீன் கொழம்பு வச்சு, ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுப் படிப்பாங்களாம். நீ பேசுற மாதிரிதான் அங்க எல்லாமே பேசுமாம். அவளும் உன்ன மாதிரியே மொத வருஷம் பெயிலானவதானாம், ரெண்டு பாடத்துல, அவளே சொன்னா. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு உன் ஹாஸ்டலுக்கே வர்றேன்னிருக்கா.

தூங்குற மாதிரி படுத்துக்காதே. தலைவலின்னு சொல்லாதே, அந்தப் பொய்யெல்லாம் நான் சொல்லிப் பாத்தாச்சு.

உன் கட்டில் விரிப்பை நேத்து தொவைச்சுப் போட்டேன். நீ வருவேன்னு இல்ல. வெயில் அடிச்சுது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. நெத்தியில திருநீறு வை. முருகன் உன்கூடவேதான் இருக்கான், ஆனா அவன் கதவைத் தட்டமாட்டான். ஷீலாதான் தட்டுவா. எந்திரிச்சுப் போய்த் தொறந்துரு கண்ணு.

உன் அத்தை,
ரெங்கம்மா