வெறும் புல்தவளை

என் அன்பு மச்சாள்,

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் மார்ச். குளம் இன்னும் இருக்கிறது. இருக்கும்போதே உனக்கு எழுதிவிடுகிறேன்.

இந்த ஜேர்மன் நகரம் பீலெஃபெல்டுக்கு வெளியே, நாம் இருவரும் தவளைகளைக் கார்களில் நசியாமல் வாளியில் தூக்கி வீதி கடத்திய அதே குளம். அதை மூடிக் களஞ்சியம் கட்டப்போகிறார்கள். ஆய்வுக்கு வந்தவர் சப்பாத்து நனையாமல் கரையில் நின்றார். "வெறும் புல்தவளை" என்றார். அந்த 'வெறும்' இன்னும் என் வாயில் கசக்கிறது.

சதுப்புத்தவளையும் புல்தவளையும் நெருங்கிய சொந்தம், உனக்குத் தெரியும். சதுப்புத்தவளைக்குக் கூர் மூக்கு, வெளிறிய வயிறு. புல்தவளைக்கு மழுங்கிய மூக்கு, வயிற்றில் புள்ளிகள். வசந்தத்தில் சில நாட்கள் சதுப்புத்தவளையின் ஆண்கள் நீலமாகும். அது அருகிவிட்டது, அது இருக்கும் குளத்தை மூட விடாமல் சட்டம் கடுமையாகக் காக்கிறது. புல்தவளையும் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் அதற்கு எச்சரிக்கைப் பட்டியலில் ஓர் இடம், அவ்வளவுதான்.

நீ சிரித்தபடி சொல்வாய்: "நீலத்தாரை அகதியா ஏற்று அசூல் குடுத்திட்டாங்கள். எங்கட ஆக்களுக்கு டுல்டுங் கடுதாசிதான், மச்சாள். இருக்கலாம். எப்பவும் திருப்பி அனுப்பலாம்."

நேற்று ரூபன் அண்ணை அழைத்தார். குளத்தைக் காக்கும் குழுவில் இருக்கிறாரே, அவர்தான். பிராண்டன்பேர்க்கில் நீ எடுத்த நீலத்தவளைப் படம் வேணுமாம்.

"இங்க எடுத்தது எண்டு சொல்லுவம், தங்கச்சி. ஆர் கேக்கப்போறான்?"

"ஏலாது, அண்ணை."

"அப்ப குளம் போகும்."

"ஓம்."

தொலைபேசியை வைத்தேன். குளத்தை மூடுகிறவர்களுக்கும் இந்தப் புல்தவளைகள் வேண்டாம். காக்கிறவர்களுக்கும் வேண்டாம்.

பிறகு குளத்துக்குப் போனேன். மண்ணிறத் தவளை ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன். வயிற்றில் புள்ளிகள். "சீ" என்று வந்துவிட்டது. என் வாயிலிருந்துதான். என் கைக்குள் அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. நீ பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளை நகரசபையில் கூட்டம். உன் படம் வீட்டில் இருக்கும். புல்தவளை என்றே சொல்வேன், 'வெறும்' இல்லாமல். அநேகமாகத் தோற்போம்.

தோற்றாலும் அடுத்த மார்ச்சில் அவை பிறந்த தண்ணீரைத் தேடி வரும். அங்கே களஞ்சியம் நிற்பதை அவற்றுக்கு யார் சொல்வது? உன் சிவப்பு வாளியோடு வீதியோரம் நிற்பேன். எங்கே கொண்டுபோவது, மச்சாள்? தெரியவில்லை. ஆனால் நிற்பேன்.

உன் வாளியை இப்போது தூக்குகிற
உன் மச்சாள்