முதலிடம் பிடித்த கடுக்காய்

ஹைதராபாத்
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே? மலையில் டவர் வரும்வரை நமக்குத் தபால்தான் கதி.

ஒரு நல்ல செய்தி. வயலில் கரும்புத் தோகையோ நெல் உமியோ கண்ணைக் கீறினால், பூஞ்சை புகுந்து பார்வையையே கெடுத்துவிடும். அந்தப் பூஞ்சை பிழைக்க ஒரு நொதி வேண்டும். அதை முடக்கும் பொருளை என் ஆராய்ச்சிக்காகக் கம்ப்யூட்டரில் தேடினேன். நாற்பதாயிரம் பொருள்களில் முதலிடம் எதற்குத் தெரியுமா? நீ பொறுக்கி விற்று என்னைப் படிக்க வைத்தாயே, அந்தக் கடுக்காயில் இருக்கும் ஒன்றுக்கு. மருந்தே கண்டுபிடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் தம்பி,
தமிழழகன்

கல்வராயன்மலை
3.2.2025

அன்புத் தம்பிக்கு,

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தோம். போன வாரம் தோகை என் இடது கண்ணில் அடித்துவிட்டது. கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு. உன் மாமா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். “எந்தம்பியே மருந்து கண்டுபுடிச்சிட்டான், டாக்டரு இன்னாத்துக்கு?” என்றேன். கடுக்காயை இழைத்து மூன்று வேளையும் விடுகிறேன். எரிச்சல் ஜாஸ்தி. மருந்து வேலை செய்கிறது போல.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
கலையரசி

ஹைதராபாத்
8.2.2025

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஐந்து நாள் போய்விட்டது.

கடுக்காயை இனி விடாதே. கம்ப்யூட்டர் பார்த்தது வெறும் படம். நொதியின் படத்தில் அந்தப் பொருளின் படம் பொருந்தியது, அவ்வளவுதான். உயிருள்ள பூஞ்சையில் ஒரு சொட்டுகூட விட்டுப் பார்க்கவில்லை. பெருமைக்கு எழுதினேன்.

இதைக் கள்ளக்குறிச்சி நண்பன் கவியரசனுக்கு மெயிலில் அனுப்புகிறேன், அச்செடுத்து இன்றே கொண்டு வருவான். அவன் பைக்கிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் ரயில் ஏறுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

தமிழழகன்

கள்ளக்குறிச்சி
2.3.2025

தம்பிக்கு,

வந்த மூன்று நாளும் என் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டுப் போனாய். அதனால்தான் எழுதுகிறேன். வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இனி பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலதும் போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். திரும்பக் கரும்பு வெட்டப் போக வேண்டுமே. போகிறவர்கள் நான் ஒருத்தி மட்டும் இல்லையே.

கண்ணில் சுரண்டி எடுத்த பூஞ்சையை இங்கே ஆஸ்பத்திரியில் தட்டில் வளர்த்து வைத்திருக்கிறார்களாம். “எந்தம்பிக்கு வோணும், எடுத்து வையுங்க” என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு போ. உன் கடுக்காயை முதலில் அதில் விட்டுப் பார்.

அக்கா,
கலையரசி