மகாலட்சுமி படத்துக்குப் பின்னால்

ஐப்பசி, சனிக்கிழமை இரவு, விழுப்புரம்

திண்டிவனம் வீட்டில் இன்று இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பெயின்டர் ஏழுமலை.

வாடகைக்கு விடலாம் என்று சரோஜா அக்காவிடம் வாங்கிய வீடு. பெயின்ட் அடிக்க ஏழுமலை கூடத்துப் பெரிய மகாலட்சுமி படத்தைக் கழற்றினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம்.

"இந்த மழையில வந்ததில்லம்மா. வருஷக்கணக்கா ஓதம் ஏறிக்கினு கெடக்கு. தெரிஞ்சேதான் மறைச்சிருக்காங்க."

வீடு பார்க்கப் போன அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படத்த மட்டும் எடுக்காத தங்கச்சி, வீட்டோட லட்சுமி" என்றாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கேயே விளக்கேற்றிவிட்டு வந்தேன். ஆறு வருடம் கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பூஜை செய்தவள்.

போன் போட்டேன். "சாமி படத்த எதுக்குடி கழட்டின?" என்று என்னையே கேட்டாள்.

என் வீட்டுக்காரர் அதற்கும் மேல். "பேஜாரு வேணாம், திரும்ப அங்கியே மாட்டிடு. திங்கக்கிழமை குடி வர்றவங்களுக்குத் தெரியவா போவுது?"

வரப்போகிற டீச்சரின் குழந்தைக்கு வீசிங். அது இவருக்கும் தெரியும்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டேன். பூஜை அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை இன்னும் துடைக்கவில்லை.

தாயே, டீச்சரிடம் உள்ளதைச் சொன்னால் இவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். சொல்லட்டுமா? அந்தச் சுவரில்தானே இத்தனை நாள் இருந்தாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் காட்டவில்லை. இதற்காவது திங்கட்கிழமைக்குள் பதில் சொல்.